ராமநாதபுரம் கடற்கரையில் படம் சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பாம்பன், தனுஷ்கோடி, ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரையில் சுற்றிவிட்டு வருகிறவர்கள், படம் சரியாக வரவில்லை என்றதும் முதலில் கேமராவைத்தான் குறை சொல்வார்கள். புது போன் வாங்கலாமா, பெரிய லென்ஸ் வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. சுற்றுலாக் குடும்பங்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், அவர்கள் நீட்டும் போனை வாங்கிப் பார்ப்பதும் அதோடு சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் கேமராவில் ஒன்றுமே இருக்காது. உப்பும் வெயிலும் காற்றும் செய்த வேலையாகத்தான் இருக்கும்.

உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலில், காசு பிடுங்கும் காரணம் கடைசியில்.

படம் முழுக்க மங்கல், புகை படிந்த மாதிரி

இங்கே அதிகம் வரும் புகார் இதுதான். வரிசையாகப் பாருங்கள், இடையில் எதையும் தாண்டாதீர்கள்.

*லென்ஸ் மேல் உப்புப் படலம்.* தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும், அலைத் திவலை காற்றோடு வந்து கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்துவிடும். நேராகப் பார்த்தால் தெரியாது. போனைச் சாய்த்து வெளிச்சம் படும்படி பிடித்துப் பாருங்கள். அல்லது இரவில் ஒரு தெருவிளக்கைப் படம் எடுங்கள். விளக்கிலிருந்து ஒளி கோடாக இழுபட்டிருந்தால் படலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

துடைக்கும் விதத்தில்தான் பலரும் கெடுக்கிறார்கள். காய்ந்த உப்பும் மணலும் ஒட்டியிருக்கும்போது சட்டை நுனியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதி மணலைப் போக்குங்கள். கேமரா லென்ஸுக்கு ரப்பர் ஊதி வைத்துக்கொள்வது நல்லது, வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அப்புறம் உப்பைக் கரைக்க ஈரம் வேண்டும். போனுக்கு, பாட்டில் தண்ணீரில் லேசாக நனைத்த கண்ணாடி துடைக்கும் துணி போதும். இங்கே பல இடங்களில் குழாய்த் தண்ணீரே உவர்ப்பு, அதனால் பாட்டில் தண்ணீர்தான். கேமரா லென்ஸுக்கு, லென்ஸ் துடைக்கும் திரவத்தைத் துணியில் விட்டுத் துடையுங்கள், கண்ணாடி மேல் நேரடியாக ஊற்றாதீர்கள்.

*துடைத்தும் ஒரு நிமிடத்தில் திரும்ப மங்குகிறதா?* அப்படியானால் அது உப்பு இல்லை, நீர் கோப்பது. ராத்திரி முழுக்க லாட்ஜில் ஏசி அறையில் குளிர்ந்த கேமராவை, விடியற்காலையில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடற்கரையின் புழுக்கத்துக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியில் நீர் பூக்கத்தான் செய்யும். துடைத்துப் பயனில்லை. அறையை விட்டுக் கிளம்பும் முன்பே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். வெளியே வந்த பிறகும் அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். நீர் பையின் வெளிப்பக்கம் கோக்கும், கேமராவில் கோக்காது. சூரியன் எழுவதைப் படம் எடுக்க வேண்டுமென்றால் அந்த அரை மணியையும் கணக்கில் சேர்த்துக் கிளம்புங்கள். நீர் கோத்திருக்கும்போது லென்ஸை மட்டும் கழற்றவே கூடாது, ஈரம் உள்ளே போய்விடும்.

*போனைத் தண்ணீர் புகாத பைக்குள் வைத்து எடுக்கிறீர்களா?* காரங்காடு அலையாத்திக் காட்டில் படகு ஏறுகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பை இது. பை இருக்க வேண்டியதுதான், ஆனால் நாள் போகப்போக அதன் பிளாஸ்டிக் மங்கிவிடும். படகு அசையாமல் நிற்கும் இடத்தில் போனை வெளியே எடுத்து, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு எடுங்கள்.

*லென்ஸ் முன்னால் மலிவான பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கிறீர்களா?* கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். சூரியன் எதிரே இருக்கும் படங்களில் பச்சை வட்டங்கள் மிதந்தால் பெரும்பாலும் அந்தக் கண்ணாடிதான் காரணம்.

*தூரத்தில் இருப்பது மட்டும் மங்கலா?* அது காற்றில் இருக்கும் ஈரமும் உப்பும். எந்தக் கருவியாலும் முழுக்கச் சரிசெய்ய முடியாது. வெயில் ஏறுவதற்கு முன் எடுங்கள், அல்லது படகு, வலை, பனை என்று பக்கத்தில் இருப்பதை முன்னால் வைத்து எடுங்கள்.

*எதுவும் உதவவில்லையா?* லென்ஸைக் கழற்றி ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். நூல் நூலாகக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. போனில் கேமராக் கண்ணாடிக்கு உள்ளே நீர்த்துளி தெரிந்தால் அடைப்பு விட்டுப்போயிருக்கிறது. இரண்டையும் நீங்களே திறந்து பார்க்காதீர்கள். கேமரா என்றால் நல்ல சர்வீஸுக்குப் பெரும்பாலும் மதுரை வரை போக வேண்டியிருக்கும். பூஞ்சை பிடித்த லென்ஸை அதுவரை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்க வேண்டாம்.

முகம் கறுத்து, பின்னால் கடல் மட்டும் பளிச்சென்று

சூரியன் ஆளுக்குப் பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான். தனுஷ்கோடிச் சாலையில் இரண்டு பக்கமும் கடல். ஆளை மறுபக்கம் திருப்பி நிற்க வைத்தாலும் பின்னணி கடலாகத்தான் இருக்கும். இந்த வசதி வேறு ஊரில் கிடைக்காது. ஆனாலும் எல்லாரும் வண்டியை விட்டு இறங்கிய பக்கமே நின்று எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

திருப்ப முடியாத இடமென்றால் போன் திரையில் முகத்தைத் தொடுங்கள். வெளிச்சம் முகத்துக்கு ஏற்றபடி மாறும், கடல் கொஞ்சம் வெளுக்கும். இரண்டும் வேண்டுமென்றால் பட்டப்பகலிலேயே ஃபிளாஷ் போடுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். போன் ஃபிளாஷின் வெளிச்சம் பகலில் நாலைந்து அடிக்கு மேல் எட்டாது, அதனால் பக்கத்தில் நிற்க வேண்டும்.

*கண்கள் குழியாக, மூக்கின் கீழ் கறுப்பு நிழலோடு வந்தால்* காரணம் உச்சி வெயில். ராமேஸ்வரம் ஏறத்தாழ 9.3 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை பிறக்கும் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் வந்துவிடும். உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே கிடக்கும். அந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் முகம் கெடும். கீற்றுக் கொட்டகையின் விளிம்பில், நிழலுக்குள், வெளியே மணலைப் பார்த்தபடி நிற்க வையுங்கள். வெள்ளை மணல் கீழிருந்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி அனுப்பும். கொட்டகையே இல்லாத இடத்தில் வெள்ளை வேட்டியை இரண்டு பேர் விரித்துப் பிடித்தால் பாதி வேலை நடந்துவிடும். தெர்மகோல் அட்டை யோசனையைச் சிலர் சொல்வார்கள். இந்தக் காற்றில் அது கையில் நிற்காது.

இதற்காகக் காசு செலவழிக்க வேண்டியதே இல்லை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துவிட்டு நாலு மணிக்கு வாருங்கள்.

உப்பும் மணலும் சாம்பல் நிறத்தில்

வாலிநோக்கம் உப்பளத்தில் இது எல்லாருக்கும் நடக்கும். படத்தின் பரப்பு முழுக்க வெள்ளையாக இருந்தால், கேமரா அதை அதிக வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு தானே குறைத்துவிடும். கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, ஈடுசெய்யும் பொத்தானைக் கூட்டல் பக்கம் ஒரு படி தள்ளுங்கள். போனில் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள். உப்பு அம்பாரத்தின் மேல் மணிமணியாகத் தெரிகிற வரை கூட்டலாம். அது மறைந்து வெறும் வெள்ளையானால் ஒரு படி இறக்கிவிடுங்கள்.

வானம் வெளுத்துப் போகிறது என்றால் இதற்கு நேர்மாறாக, கழித்தல் பக்கம்.

கடல் ஒரு பக்கம் வழிகிற மாதிரி சாய்ந்திருக்கிறது

கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளை இயக்கிவிடுங்கள். எடுத்த படத்தை எடிட் செய்யும்போது நிமிர்த்திக்கொள்ளலாம். நிமிர்த்தினால் ஓரங்கள் வெட்டுப்படும், அதனால் ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவுக்குச் சற்று இடம் விட்டே எடுங்கள்.

பாம்பனில் எடுத்த படம் ஆடிப்போயிருக்கிறது

எது ஆடியிருக்கிறது என்று முதலில் பெரிதாக்கிப் பாருங்கள்.

*ரயில் மட்டும் இழுபட்டு, பாலம் தெளிவாக இருந்தால்* ஷட்டர் வேகம் போதவில்லை. 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோன பழைய பாலத்தில் அது ஊர்ந்துதான் போகும், எப்படி எடுத்தாலும் வந்துவிடும் என்று இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் அவ்வளவு பொறுமை கிடையாது. 1/500 நொடியில் தொடங்கி, போதாவிட்டால் 1/1000 வையுங்கள். போனில் வேகத்தை மாற்ற முடியாவிட்டால் பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுத்து, அதில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். சில போன்களில் அப்படிப் பிடித்தால் வீடியோ ஓடும். அப்போது பொத்தானைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

*எல்லாமே ஆடியிருந்தால்* கை ஆடியிருக்கிறது, அல்லது காற்று ஆட்டியிருக்கிறது. கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் பாலத்தின் மேல் நிற்பதே பாடு. கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றுங்கள். ஊன்றும்போது போனின் வாரைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள், கீழே கடல்.

*ட்ரைபாட் வைத்தும் ஆடினால்* பேருந்து போகும்போது சாலைப் பாலம் அதிர்வதைக் காலில் உணரலாம். கனமான வண்டி கடந்து அதிர்வு அடங்கும் வரை காத்திருங்கள். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், அடியில் பையைத் தொங்கவிடுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஆட்டம் தடுக்கும் வசதியை அணைத்துப் பாருங்கள், சில லென்ஸில் அதுவே ஆட்டும்.

*ஓடும் வண்டிக்குள்ளிருந்து எடுத்த படத்தில் வெளிச்சப் புள்ளிகளும் உங்கள் சட்டையும் தெரிந்தால்* அது ஜன்னல் கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு. லென்ஸைக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்து, சுற்றிலும் கையால் மறையுங்கள். கருத்த சட்டை போட்டிருந்தால் இன்னும் நல்லது. ரயில் கதவில் தொங்கிக்கொண்டு எடுப்பதற்கு வழி சொல்ல மாட்டேன்.

*ஷட்டர் வேகம் கூட்டியும், அசையாத சுவரைக்கூடத் தெளிவாக எடுக்க முடியாவிட்டால்* ஃபோகஸ் மோட்டாரோ, போனுக்குள் இருக்கும் ஆட்டம் தடுக்கும் பகுதியோ பழுதாகியிருக்கலாம். பைக்கின் கைப்பிடியில் போனை மாட்டிக்கொண்டு ராமநாதபுரத்திலிருந்து வந்தவர்கள் குறிப்பாக இதைச் சந்தேகப்படுங்கள். தொடர்ந்த அதிர்வில் அந்தப் பகுதி கெடும். கேமராப் பகுதியையே மாற்ற வேண்டியிருக்கும், கடைக்குத்தான் போக வேண்டும்.

சூரியன் நினைத்த இடத்தில் இல்லை

போன முறை இதே இடத்தில் கடலில்தானே எழுந்தது என்பார்கள். போன முறை வந்தது வேறு மாதமாக இருக்கும். ஆனியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளியும் மார்கழியில் தெற்கே தள்ளியும் எழும். இரண்டு பக்கமும் ஏறத்தாழ 23 பாகை. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை, அப்படி இரண்டு முஷ்டிக்குச் சற்று மேல். மறைவதும் அதே கணக்குதான். தனுஷ்கோடித் திட்டு தென்கிழக்காக நீண்டு கிடப்பதால் மார்கழி அந்தியில் சூரியன் மன்னார் வளைகுடாவில், உள்ளூரார் ஆண் கடல் என்று சொல்கிற பக்கத்தில் இறங்கும். ஆனியில் நீங்கள் வந்த சாலையின் பக்கமே இறங்கிவிடும். சூரியன் இருக்கும் திசையை நாள்வாரியாகக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னொன்று, தனுஷ்கோடிச் சாலையில் நேரக் கட்டுப்பாடு உண்டு. இருட்டோடு இருட்டாகப் போய்விடலாம், இருட்டிய பிறகு திரும்பலாம் என்று திட்டம் போட்டால் சோதனைச் சாவடியில் அது முடிந்துவிடும். முந்தைய நாளே ஆட்டோக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் ஒத்துவராவிட்டால் விடியலுக்கு அக்னி தீர்த்தக் கரையே போதும்.

பூநாரை வெறும் புள்ளியாக

பனிக்காலத்தில் கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமில்லாத நீரில் பூநாரைகள் கூட்டமாக இறங்கும். போனில் விரலால் விரித்துப் பெரிதாக்கினால் வெறும் இளஞ்சிவப்புக் கறைதான் வரும். கிட்டே போகலாமே என்று சேற்றில் இறங்காதீர்கள். கூட்டமே எழுந்து போய்விடும், உங்களுக்குப் பின்னால் நிற்கிறவருக்கும் கிடைக்காது.

போன் மட்டும்தான் இருக்கிறதென்றால் பறவை ஒன்றைப் பிடிக்கும் ஆசையை விட்டுவிட்டு, கூட்டத்தின் நீண்ட கோட்டையும் அதன் நிழலையும் அகலமாக எடுங்கள். யாரிடமாவது தொலைநோக்கி இருந்தால் அதன் கண்பகுதியில் போன் லென்ஸை ஒட்டி வைத்துப் பார்க்கலாம், ஆச்சரியமாக வரும். 400 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்குவது கடைசி வழி. வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவர் என்றால் சென்னையிலோ மதுரையிலோ வாடகைக்கு எடுத்துக்கொள்வது புத்தி. ட்ரோன் வேண்டவே வேண்டாம். எல்லைக் கடல், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம். விளக்கம் சொல்லி மாளாது.

படகுத் துறையில் படமே அமையவில்லை

மீன் இறங்கும் காட்சி இல்லாமல் படகுகள் வெறுமனே கட்டிக் கிடந்தால் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் படகுகளுக்கு வர்ணம் பூசுவதும் வலை பின்னுவதும் நடக்கும். எனக்கு மீன் குவியலைவிட அதுதான் நல்ல படம். வத்தை என்கிற சிறு படகையும், கரையில் நின்று இழுக்கும் கரைவலையையும் பார்க்க வேண்டுமென்றால் சிறிய ஊர்களுக்குப் போங்கள்.

ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கோளாறு கேமராவில் இல்லை. நெஞ்சுக்கு நேரே லென்ஸை நீட்டுவதற்கு முன்னால் "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டீர்களா? பாசி எடுத்துவிட்டு ஈரத் துணியோடு கரையேறும் அக்காமார்களை அப்படியே எடுப்பது மரியாதை இல்லை. கேளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்.

போன் சுட்டு, கேமரா தானே அணைகிறது

ராமேஸ்வரம் கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாதென்று காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள். 22 தீர்த்தமும் ஆடித் திரும்புவதற்குள் அது கொதித்திருக்கும். நிழலில் வைத்து உறையைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஐஸ் பெட்டியிலோ ஏசி காற்றின் முன்னோ வைக்காதீர்கள், உள்ளே நீர் கோக்கும். வெயிலில் நீள வீடியோ எடுப்பது, கூடவே பவர் பேங்கில் சார்ஜ் போடுவது, இரண்டையும் நிறுத்துங்கள். நிழலில் இருக்கும்போதும் சுட்டால், அல்லது போனின் முதுகு உப்பியிருந்தால் பேட்டரி போய்விட்டது. உப்பிய பேட்டரியோடு இன்னொரு நாள் சுற்றாதீர்கள், அன்றே கடைக்கு.

போனில் நன்றாக இருக்கிறது, அனுப்பினால் மங்கல்

வாட்சப் சுருக்கி அனுப்புகிறது. எச்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது ஆவணமாக அனுப்புங்கள்.

எல்லாப் படத்திலும் வானத்தில் அதே இடத்தில் கறுப்புப் புள்ளி

லென்ஸை மாற்றும்போது, கேமராவுக்குள் படம் பதிகிற சென்சார் மேல் தூசு விழுந்திருக்கிறது. லென்ஸின் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி வெறும் வானத்தை எடுத்தால் எல்லாப் புள்ளியும் தெரியும். கேமராவிலேயே இருக்கும் சென்சார் சுத்தம் செய்யும் வசதியை முதலில் ஓட்டுங்கள். அப்புறம் கேமராவைக் குப்புறப் பிடித்து ரப்பர் ஊதியால் ஊதுங்கள். அதற்கும் போகாத புள்ளி பெரும்பாலும் உப்பு ஒட்டியது, அதைச் சர்வீஸ்காரர் ஈரமாகத் துடைத்துத் தர வேண்டும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்றை அடிக்காதீர்கள், அதிலிருக்கும் திரவம் தெறித்துக் கறை படியும். தனுஷ்கோடி மணலில் நின்று லென்ஸ் மாற்றுவதை நிறுத்தினாலே இந்தத் தலைப்பு உங்களுக்குத் தேவைப்படாது.

ஜூம் வளையம் கரகரக்கிறது

மணல். உடனே திருப்புவதை நிறுத்துங்கள். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து இடுக்குகளில் ஊதுங்கள், மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். மெதுவாகத் திருப்பிப் பார்த்து இன்னும் கரகரத்தால் அத்தோடு விட்டுவிட்டு சர்வீஸுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு திருப்பலும் செலவை ஏற்றும்.

கார்டு திறக்கவில்லை, படங்களைக் காணோம்

ஃபார்மேட் செய்யவா என்று கேமரா கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கார்டின் பொன்னிறப் பட்டைகளை உலர்ந்த துணியால் துடைத்து, வேறு ரீடரில், வேறு கணினியில் போட்டுப் பாருங்கள். கணினி கார்டைக் கண்டுகொண்டால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் பெரும்பாலான படங்களை மீட்டுத் தரும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள். கணினியே கண்டுகொள்ளவில்லை என்றால் தரவு மீட்பவரிடம்தான் போக வேண்டும். கட்டணம் அதிகம். கல்யாணப் படமென்றால் கொடுங்கள், கடலை மட்டும் எடுத்த படமென்றால் யோசியுங்கள்.

கடலில் விழுந்துவிட்டது

*போன்:* உடனே அணையுங்கள். தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி68 குறி போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, கடல்நீருக்கு அது வாக்குறுதி இல்லை. அப்படிப்பட்ட போனாக இருந்தால் பாட்டில் தண்ணீரால் மெதுவாக அலசி உப்பைப் போக்குங்கள், சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி வைத்துக் காயவிடுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவும் தூசும் துளைக்குள் போகும். முழுக்கக் காயும் வரை சார்ஜ் போடக் கூடாது. ஈரம் இருக்கிறது என்ற எச்சரிக்கை மறுநாளும் வந்தால் கடைக்குக் கொண்டுபோங்கள். நீர்ச் சேதத்தைப் பொதுவாக வாரண்டி ஏற்காது, விலையைக் கேட்டுவிட்டே திறக்கச் சொல்லுங்கள்.

*கேமரா:* ஓடுகிறதா என்று பார்க்க இயக்காதீர்கள். பேட்டரியையும் கார்டையும் கழற்றிவிட்டு, வெளியே துடைத்து, அன்றைக்கே சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள். உப்பு நீர் சர்க்யூட்டை மணிக்கணக்கில் அரித்துவிடும், நாள்கணக்குக்கெல்லாம் காத்திருக்காது. பழுது பார்க்கும் தொகை பழைய கேமராவின் விலையைத் தொட்டால் விட்டுவிடுங்கள். கார்டை மட்டும் நல்ல தண்ணீரில் அலசி, ஒரு நாள் நிழலில் காயவைத்து ரீடரில் போடுங்கள். பெரும்பாலும் படங்கள் இருக்கும்.